முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

“இதை உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?”

கேட்டவர் பள்ளி ஆய்வாளர் தோன் எவரிஸ்தோ லாண்டா. ‘தோன்’ என்பது அங்கே பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல். கேட்கப்பட்டவள் கசில்தா. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சான் எமிக்தியோ ஊர்ப் பெண்கள் பள்ளியில் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள், ‘திருவிழா அழகாக இருந்தது, நான் மகிழ்ச்சி அடைந்தேன்’ என்று எழுதி, நேரம் மிச்சம் இருந்ததால் ஓரத்தில் பூப்போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கசில்தா, வாணவெடி செய்யும் தன் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாள். ஆய்வாளர் முதல் பக்கத்தைப் படித்தார். நடுவில் இருந்த இரண்டையும் சேர்த்துப் புரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

‘யாரும் எழுதிக் குடுக்கல’ என்று மூன்று சொல் சொன்னால் போதும். கசில்தாவுக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டில் பேச்சு என்பதே அபூர்வம். அம்மா இல்லை. அப்பா நிகனோருக்கு வெடிச்சத்தத்திலேயே காது போய்விட்டது. அவரிடம் எதைச் சொல்வதானாலும் எழுதித்தான் காட்ட வேண்டும். ‘உப்பு இல்லை’ என்பதிலிருந்து ‘பக்கத்து வீட்டுக் கழுதை கிணற்றில் விழுந்துவிட்டது’ என்பது வரை அவள் அவருக்கு எழுதியே வளர்ந்தவள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கல்வித்துறை விதிப்படி, பதில் சொல்லாதது ஒப்புக்கொண்டதற்குச் சமம். ஆய்வாளர் ஒரு காகிதத்தில், ‘இது நான் எழுதியது அல்ல’ என்று தம் அழகான கையெழுத்தில் எழுதி, அவள் முதுகில் ஊசியால் குத்தி, முற்றத்துச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். மணி அடித்ததும் அவள் காகிதத்தைக் கழற்றி, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு பள்ளிப் பக்கம் போகவில்லை. பள்ளியும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு முன்பு நிகனோரின் பட்டறை வெடித்தது. ஊர் அவரை நல்லபடியாக அடக்கம் செய்தது. கசில்தா தாய்மாமன் பெர்மின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பெர்மின் மாமா சதுக்கத்து வளைவுகளின் கீழே மேஜை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பவர். வடக்கே எல்லை தாண்டிப் போன பையன்களுக்கு அம்மாக்கள் கடிதம், காதல் கடிதம், காதல் முறிந்த கடிதம், நிலத் தகராறு மனு, எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம். கசில்தா இரண்டே வருஷத்தில் அவரை விட வேகமாக அடித்தாள். வந்தவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். அவள் தலை நிமிராமல் அடிப்பாள். மிச்ச நேரத்தில், யாருக்கும் காட்டாமல், தனக்காக எழுதினாள்.

இனிக் கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சான் எமிக்தியோ இலக்கியக் கழகம் ஸ்பானிய மொழியை எதிரிகளிடமிருந்து காத்து வந்தது. இதுவரை மொழியை யாரும் தாக்க வரவில்லை என்பதே காவல் நன்றாக நடப்பதற்குச் சான்று என்று ஆண்டறிக்கை சொன்னது. கழகத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களுக்கு ‘அழிவற்றவர்கள்’ என்று பட்டம். அவர்களில் ஐந்து பேர் செத்துப்போயிருந்தார்கள். அந்த ஐவரும் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்ததாகவே பதிவாகியிருந்தது. உயிரோடு இருந்தவர்கள்தான் அடிக்கடி விடுப்பு எடுத்தார்கள். பணி ஓய்வு பெற்ற தோன் எவரிஸ்தோ கழகத்தின் தலைவராகியிருந்தார்.

கழகம் ஆண்டுதோறும் மலர் விழா நடத்தியது. சிறந்த ஸ்பானியச் சிறுகதைக்கு ‘இயற்கை மலர்’ பரிசு. இயற்கை மலர் வாடிவிடும் என்பதால் அதை வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியிருந்தார்கள். எந்தக் கதையும் அந்த மலரின் தரத்துக்கு எட்டாததால், நடுவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பரிசைப் ‘பாலைவனம்’ என்று அறிவித்தார்கள். யாருக்கும் தகுதி இல்லை என்பதை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் கௌரவமாகச் சொல்வார்கள். மலர் பாலைவனத்தில் கிடந்து வீணாகாதபடி தலைவரின் மனைவி அதைக் கல்யாணங்களுக்குக் குத்திக்கொண்டு போனார். விழா அரசியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியும் இப்படியே பாலைவனமாகிக்கொண்டிருந்தது. ஆகவே தலைவரின் தங்கை மகளே வருஷா வருஷம் அரசியாக நீடித்தாள். அவளுக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளையும் பிறந்து, கடைசிப் பிள்ளைக்குச் சிம்மாசனத்திலேயே பால் கொடுத்தாள்.

போட்டியின் விதிகள் நேர்மையின் உச்சம். கதையில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர்தான். உண்மைப் பெயரை ஒரு சிறிய உறையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டித் தர வேண்டும். பரிசு பெற்றவரின் உறை மட்டுமே திறக்கப்படும். மற்ற உறைகளை, தோற்றவர்களின் மானத்தைக் காக்கும்பொருட்டு, மேடையிலேயே பித்தளைச் சட்டியில் போட்டு எரித்துவிடுவார்கள். எரியும்போது வாத்தியக் குழு வால்ஸ் என்ற நடன இசையை வாசிக்கும். பரிசு எப்போதும் பாலைவனம் என்பதால் எல்லா உறைகளும் எரியும். எழுதியவர் பெயர் எதற்கும் இல்லாமல் போன கதைகளோ, பத்திரமாகத் தலைவர் வீட்டுக்குப் போகும்.

கசில்தா அப்பாவைப் பற்றிய கதையை முடித்தபோது அவளுக்குப் பதினேழு வயது. மூன்று பிரதி அடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணு நடுவரும் படிப்பாங்களா மாமா?”

“ஒருத்தர் படிப்பாரு, ஒருத்தர் அதுமேல டம்ளரை வைப்பாரு, ஒருத்தர் வெக்கைக்கு விசிறிக்குவாரு. அதுக்குத்தான் மூணு” என்றார் பெர்மின் மாமா. “என்னத்த எழுதியிருக்க? உங்கப்பனைப் பத்தியா?”

அவள் தலையாட்டினாள். மாமா கதையை வாங்கி, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். “தூசி” என்றார்.

கதை சின்னதுதான். காது கேளாத ஒருவர் ஊருக்கெல்லாம் வெடி செய்கிறார். ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் மகளிடம், “எப்படிச் சத்தம் போட்டுச்சு?” என்று கேட்கிறார். மகள் எழுதிக் காட்டுகிறாள்: ‘முதல் சுற்று, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி. அடுத்தது, கோயில் கதவை யாரோ உதைத்த மாதிரி. கடைசி வெடி, ஊரே பேச மறந்த மாதிரி.’ அவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். ஒரு நாள், துவைக்கும் இடத்தில் நிற்கும்போது அவளுக்குப் பட்டறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. அது எப்படி இருந்தது என்று அவள் எழுதிவிடுகிறாள். காட்டத்தான் ஆள் இல்லை.

கழக வாசலில் காவலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொண்டுவருபவரின் முகம் தெரியக் கூடாது என்பதால், கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்க வேண்டும் என்பது விதி.

“யாரு, பெர்மின் மருமகளா? செருப்புச் சத்தத்திலேயே தெரியுது. கதையா கண்ணு? குடு. நான் உன்னைப் பாக்கல, சரியா? விதி கண்டிப்பு. மாமாவைக் கேட்டேன்னு சொல்லு.”

விழா நாளில் தோன் எவரிஸ்தோ தோள்பட்டையில் நீலப் பட்டுநாடாவோடு மேடையேறினார்.

“பெருமக்களே! இவ்வாண்டு வந்த கதைகளை நடுவர் குழு மிகுந்த வேதனையோடு பரிசீலித்தது. அவற்றில் குறை ஒன்றுமில்லை. அதுவே பெருங்குறை! குறையில்லாத கதைக்குப் பரிசளித்தால் நாளை எல்லாரும் குறையில்லாமல் எழுதத் தொடங்குவார்கள். பிறகு கழகம் எதற்கு? ஆகவே பரிசு பாலைவனம்!”

கைதட்டினார்கள். வால்ஸ் தொடங்கியது. கசில்தா தன் பெயர் எரிவதைப் பார்த்தாள். அரக்கு உருகி நீலமாகப் புகைந்தது. சரி, நமக்கு எழுத வரவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போனாள். ஒரு வருஷம் எதுவும் எழுதவில்லை.

மலர் விழாவில் ‘தலைவர் கதை’ என்று ஒரு வழக்கம் உண்டு. பாலைவனம் அறிவிக்கும் முன்னால், கதை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தலைவர் தாமே எழுதிய கதை ஒன்றை வாசிப்பார். அடுத்த ஆண்டு விழாவில் தோன் எவரிஸ்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். ‘பீரங்கிச் சத்தத்தில் காது போன என் தகப்பனார், கர்னல் லாண்டா, ஒவ்வொரு போர் முடிந்ததும் தம் மகனிடம் கேட்பார்: எப்படிச் சத்தம் போட்டது?’

கசில்தாவுக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு நகர்ந்த மாதிரி இருந்தது.

முதல் பக்கத்தில் பீரங்கி. அடுத்த பக்கத்திலிருந்து கர்னல் திடீரென்று கோயில் முற்றத்தில் வாணவெடி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி துவைத்தான். கடைசிப் பக்கத்தில் மறுபடி பீரங்கி வந்தது. அரங்கமே அழுதது. நடுவில் வந்த பாவாடையை மாநிலத் தலைநகர்ப் பத்திரிகை ‘துணிச்சலான குறியீடு’ என்று பாராட்டியது. ஆளுநர் ஒரு பதக்கம் அனுப்பினார். உண்மையில் கர்னல் லாண்டா போர் முடியும்வரை கன்னிமாடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தவர். பீரங்கியைப் பார்த்ததுகூட இல்லை. அது ஊருக்கே தெரியும். ஆனாலும் அழுதார்கள். கதை அப்படி.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார்.

“போய்ச் சொல்லலாம் மாமா.”

“என்னன்னு? உன் பேரு எங்க இருக்கு? உறையிலதானே. அதைத்தான் மேளம் கொட்டி எரிச்சாங்களே.”

“கதையை எடுத்துக்கட்டும் மாமா. வேற எழுதிக்குவேன். அப்பாவை எடுத்துக்கிட்டாரே.”

“உங்கப்பன் உசிரோட இருந்தா, அந்தாள் நாற்காலிக்கு அடியில ஒரு சரம் வச்சிருப்பான்” என்றார் மாமா.

ஆனாலும் கசில்தா முறைப்படி புகார் கொடுத்தாள். கழகத்தில் புகாருக்கும் விதி இருந்தது. பாரபட்சம் வரக் கூடாது என்பதால் புகார் கொடுப்பவரின் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர்தான். யார் மேல் புகார் என்றும் சொல்லக் கூடாது. அது அவர் மானத்தைப் பாதிக்கும். என்ன புகார் என்பதை மூன்று பிரதியில் சொல்லலாம், ஆனால் ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்ல வேண்டும். உண்மைப் பெயர் அரக்கு வைத்த உறையில். அவள் அடித்தாள்: ‘ஒருவருடைய ஒன்றை ஒருவர் எடுத்துக்கொண்டார்.’ காவலாளி சுவரைப் பார்த்தபடி வாங்கி, “பாவம் கண்ணு நீ” என்றார். கழகம் கூடி ஆராய்ந்தது. எந்தப் புகாரும் ஏற்கத்தக்க தரத்தில் இல்லையென்று புகாரும் பாலைவனமாக அறிவிக்கப்பட்டது. உறையை எரித்தார்கள். புகாருக்கு வால்ஸ் கிடையாது, ஒரே ஒரு புல்லாங்குழல்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் தோன் எவரிஸ்தோவை வானொலியில் பேட்டி கண்டார்கள். சதுக்கத்து ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. வளைவின் கீழே கசில்தா யாருடைய நிலத் தகராறையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, இத்தனை கதை வருதே, எப்படிப் படிச்சு முடிக்கிறீங்க?” என்றார் அறிவிப்பாளர்.

“அது அனுபவம், தம்பி. குதிரை வாங்கறவன் பல்லைப் பாப்பான், வாலைப் பாப்பான். வயித்தைக் கிழிச்சா பாப்பான்? நான் முதல் பக்கம் படிப்பேன், கடைசிப் பக்கம் படிப்பேன். நடுவுல இருக்கறது எல்லாக் கதையிலயும் ஒண்ணுதான்.”

“அடேயப்பா! உங்க சொந்தக் கதையை மேடையில எப்படி அவ்வளவு உணர்ச்சியா வாசிக்கிறீங்க?”

“முதல் பக்கம், கடைசிப் பக்கம் தவிர எதையும் முன்னாடியே படிச்சுப் பாக்க மாட்டேன். மேடையிலதான் முதல் தடவை வாய்விட்டுப் படிப்பேன். எனக்கே புதுசா இருக்கும். அதான் ரகசியம்.”

இயந்திரத்தின் சத்தம் நின்றது. நிலத் தகராறுக்காரர், “என்னம்மா, எழுத்து தீந்துபோச்சா?” என்று கேட்டார். கசில்தா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. நிலம் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று அவர் நம்பிக்கையோடு போனார்.

அவள் ஒரு கதை எழுதினாள். முதல் பக்கத்துக்கே ஒரு மாதம் ஆனது. கொடி, தாய்நாடு, தகப்பனார், அந்தி வானம், ஒரு கழுகு என்று தோன் எவரிஸ்தோவின் பல்லுக்கு இதமான எல்லாவற்றையும் வைத்தாள். கடைசிப் பக்கத்தில் மறுபடி தகப்பனார், தாய்நாடு, கொடி. நடுப்பக்கங்களை ஒரே மூச்சில் எழுதினாள். அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மூன்று பிரதி, புனைபெயர், அரக்கு உறை. காவலாளி பின்னால் கையை நீட்டினார். “மறுபடியுமா கண்ணு? உனக்கு ரோஷமே இல்லையா?”

“நிறைய இருக்கு தாத்தா” என்றாள் கசில்தா.

அந்த ஆண்டு விழாவிலும் பரிசு பாலைவனமானது. உறைகள் எரிந்தபோது அரங்கத்தில் எல்லாரையும் விட ஓங்கிக் கைதட்டியவள் அவள்தான். அன்றைக்குத் தலைவர் வாசித்த கதை, முந்தின வருஷம் மருந்துக்கடைக்காரர் தோன் பிளாசிதோ போட்டிக்கு எழுதி அவளிடம் தட்டச்சு செய்து வாங்கிப் போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரரின் கழுத்து சிவப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். அவரும் வீட்டுக்குப் போய்த் தனக்குத்தான் ஏதோ குழப்பம் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். எழுதுகிறவர்கள் கூச்சக்காரர்கள். கழகம் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றது.

அடுத்த விழாவுக்குச் சில வாரங்கள் முன்னால், வளைவின் கீழே ஒரு கைத்தடி வந்து நின்றது. தோன் எவரிஸ்தோவின் வீட்டுத் தட்டச்சுக்காரி கல்யாணமாகிப் போய்விட்டாளாம்.

“இதைப் பெரிய பெரிய எழுத்துல அடிச்சுக் குடு, மகளே. மேடையில கண்ணாடி போட்டா வயசு தெரியும். மேல என் பேரைப் போடு.”

கசில்தா வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கதை. முதல் பக்கத்தில் கழுகை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘பருந்தரசன்’ என்று திருத்தியிருந்தார்.

“என்ன பாக்கற? கதை படிக்கற வழக்கம் உண்டா?”

“இல்லீங்க ஐயா.”

“நல்லது. தட்டச்சு பண்றவ படிக்கக் கூடாது. படிச்சா தப்பு வரும்.” அவர் மாமா பக்கம் திரும்பினார். “பெர்மின், பொண்ணு அடக்கமா இருக்கா. எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?”

“முதுகைப் பாத்திருப்பீங்க ஐயா” என்றார் மாமா.

தோன் எவரிஸ்தோ அது ஏதோ மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். கசில்தா பெரிய எழுத்தில் அடித்தாள். ஓர் இடத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாள். கொடுத்த வேலையை விடக் கொஞ்சம் அதிகமாகச் செய்வது மாமாவின் கடையில் வழக்கம்.

விழா நாள். நகராட்சி அரங்கம் நிரம்பியிருந்தது. ஆளுநரின் பிரதிநிதி முன்வரிசையில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். வானொலிக்காரர் மேடையோரம் ஒலிவாங்கியோடு நின்றார். அரசி சின்னவனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். பித்தளைச் சட்டி பளபளத்தது. வாத்தியக் குழுவுக்கு உத்தரவு போயிருந்தது: தலைவர் கடைசியில் ‘கொடி’ என்று சொன்னதும் எக்காளம்.

தோன் எவரிஸ்தோ தொடங்கினார். கொடி, தாய்நாடு, பருந்தரசன். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது. முதல் பக்கம் முடிந்தது.

“‘இன்று என் இதயத்தைத் திறந்து, இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லப்போகிறேன்.’” பக்கத்தைப் புரட்டினார். “‘நான் ஒரு கதைகூட எழுதியதில்லை.’”

அரங்கம் கைதட்டியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு என்ன அடக்கம்!

தோன் எவரிஸ்தோவின் புருவம் லேசாக ஏறியது. ஆனால் கைதட்டல் அவருக்குப் பிடிக்கும். மேலே போனார். “‘போன வருஷம் நான் வாசித்த கதை, மருந்துக்கடைக்காரர் பிளாசிதோ எழுதியது.’”

முன்வரிசையில் தோன் பிளாசிதோ எழுந்து நின்றார். “நான் சொல்லல? நான் வீட்ல சொல்லல?” என்றார் மனைவியிடம்.

தலைவர் அவசரமாகத் தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, இனிமேலாவது கதை வரும் என்ற நம்பிக்கையோடு அடுத்த வரியைப் பிடித்தார். “‘இப்போது நான் தண்ணீர் குடித்தேன். அதனால் பயனில்லை.’”

எங்கேயோ ஒருவர் சிரித்தார். தோன் எவரிஸ்தோவின் கை பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. “‘கைக்குட்டையும் உதவாது.’” அவர் கைக்குட்டையைத் திரும்ப உள்ளே வைத்தார். இப்போது மேல்மாடமே சிரித்தது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய வாய் வாழ்நாள் முழுவதும் காகிதத்தில் இருப்பதைச் சொல்லியே பழகியது. காகிதம் இருக்கும்வரை அதற்கு நிற்கத் தெரியாது. மேலும் வானொலியில் சத்தமில்லாமல் இருக்கக் கூடாது என்பதால் அறிவிப்பாளர் கையை ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தத்தில் விழித்துக்கொண்ட ஆளுநரின் பிரதிநிதி, “பிரமாதம் ஐயா! நகைச்சுவையா? சொல்லவே இல்லையே! மேல படிங்க, நிறுத்தாதீங்க!” என்று தொடையில் தட்டினார்.

ஆளுநர் தரப்பிலிருந்து உத்தரவு. தோன் எவரிஸ்தோ படித்தார்.

“‘அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறேன்.’” புரட்டினார். “‘தப்ப முடியவில்லை. காது கேளாத அந்தத் தகப்பன் என் தகப்பன் அல்ல. என் தகப்பனார் கர்னல் லாண்டா கன்னிமாடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தார்.’”

“ஆமா, இருந்தாரு!” என்று மேல்மாடத்திலிருந்து ஒரு கிழவர் உறுதி செய்தார். “எங்கம்மாதான் சோறு கொண்டுபோனாங்க!”

“‘அந்தக் காது வாணவெடிக்காரர் நிகனோர் சல்திவாருடையது. அவர் இந்த ஊருக்குப் போட்ட வெடிகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அவை எப்படி இருந்தன என்று அவருக்கு எழுதிக் காட்டியவள் அவர் மகள் கசில்தா. அவளிடமிருந்து நான் அவரை எடுத்துக்கொண்டேன்.’”

சிரிப்பு நின்றது. தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. கசில்தா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில், சதுக்கத்தில், அதற்கப்பால் மலையடிவாரம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் அவரை எடுத்துக்கொண்டவர் வாயாலேயே. முதல் சுற்று என்று எண்ணிக்கொண்டாள்.

“‘பதினொரு வயதில் அவள் எழுதிய நாலு பக்கத்தில் நான் படித்தது இரண்டு. மிச்சத்தைப் படிக்காமலே அவள் முதுகில் ஒரு காகிதத்தைக் குத்தினேன். அந்தக் காகிதம்...’”

இங்கே தோன் எவரிஸ்தோவுக்குத் தம் தொழில் ரகசியம் நினைவுக்கு வந்தது. நடுப்பக்கங்களை மொத்தமாக அள்ளிப் புரட்டிவிட்டார். கடைசிப் பக்கம்! கண்ணாடி முன்னால் நின்று பலமுறை ஒத்திகை பார்த்த பக்கம். அதைக் கண்டதும் முகத்தில் ரத்தம் ஊறியது. நெஞ்சு நிமிர்ந்தது. வலக்கை தானாக மார்புக்குப் போனது. குரலில் பழைய கம்பீரம் திரும்பியது.

“‘இங்கே நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை! இதை என் தகப்பனார் மேல், என் தாய்நாட்டின் மேல், அதோ பறக்கும் அந்தக் கொடியின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்!’”

‘கொடி’ என்றதும் எக்காளம் முழங்கியது. கொடியின் மேல் ஆணை என்பதால் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. ஆளுநரின் பிரதிநிதி விறைப்பாக வணக்கம் வைத்தார். அரசியின் சின்னவன் மட்டும் அழுதான்.

எக்காளம் ஓய்ந்தது. நின்றவர்கள் யாரும் உட்காரவில்லை. பித்தளைச் சட்டிக்குப் பக்கத்தில் இந்த ஆண்டின் உறைகள் அடுக்கியபடி இருந்தன. தீப்பெட்டியோடு நின்றவன் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை.

கசில்தா பெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடுப்பாதைக்கு வந்தாள். மாமா மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார், பிறகு பிடிக்காமல் விட்டுவிட்டார். அவள் அத்தனை பேர் நடுவே வாயைத் திறந்தாள். குரல் கரகரத்தது, ஆனால் வந்தது.

“ஐயா. இதை உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தா?”

ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொண்டது. சதுக்கத்தில் ஒலிபெருக்கி அதையே இன்னொரு முறை கேட்டது.

தோன் எவரிஸ்தோவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பதில் சொல்லாதது எதற்குச் சமம் என்ற விதியை ஊரில் அவரை விட நன்றாக அறிந்தவர் இல்லை. தோள்பட்டையிலிருந்து நீலப் பட்டுநாடாவைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மேடைப்படிகளில் இறங்கினார். நடுப்பாதையில் வந்தபோது கசில்தா சட்டைக்குள் கைவிட்டு, மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு காகிதத்தை அவரிடம் நீட்டினாள். யார் எதை எழுதி நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற கை அது. வாங்கிக்கொண்டது. பிரித்துப் பார்த்தார். அவருடைய அழகான கையெழுத்து. ஒரே ஒரு பக்கம்தான் என்பதால் முழுவதும் படித்தார்.

அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கிய ஜனங்களுக்கு நடுவே வெளியே போனார்.